விழுந்தபின் நிற்பது: 'ரூயின்' என்னும் ஆங்கிலச் சொல்



ஒரே ஒரு சொல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேச விரும்புகிறேன் என்று நான் எழுதியபோது, இவ்வறக்கட்டளையின் செயலாளர் அவர்கள், எழுத்துப்பிழையோ என்று ஐயுற்று, 'சொல்லா, சொற்களா?' என்று மறுதபாலில் கேட்டிருந்தார்கள். ஒரே சொல்தான், அதுவும் நம்முடைய சொல்லன்று, ஆங்கிலச் சொல், போதாக்குறைக்கு, அழிவையும் கேட்டையும் குறிக்கிற அமங்கலச் சொல். நூலின் முதலிலே மங்கலச் சொல் வரவேண்டும் என்று விதித்த மரபிலே வந்த நாம், ஓர் அறக்கட்டளையின் ஆண்டு விழாவை 'ரூயின்' என்று தொடங்கலாமா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. அழைப்பிதழைப் பார்த்தேன், 'அறம்' என்ற சொல் தலைப்பிலேயே அச்சாகியிருந்தது. அந்தக் காப்பு போதும் என்று துணிந்து வந்திருக்கிறேன்.

இந்தச் சொல்லோடு எனக்கு ஏற்பட்ட வழக்கு மிகப் பழையது. நான் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பழைய கிறிஸ்தவ மடாலயம் ஒன்றின் 'ரூயின்ஸ்' நடுவே சிலர் உலாவியதாக வந்த வாக்கியத்தை ஒரு மாணவர், 'மடாலயத்தின் நாசங்களுக்கிடையே உலாவினோம்' என்று தமிழாக்கியிருந்தார். சிரித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் 'இடிபாடுகள்' என்று எழுதினேன். அடுத்த பருவத் தேர்வில், குடியே அவனுக்கு 'ரூயின்' ஆயிற்று என்னும் பொருள்படும் வாக்கியம் ஒன்று வந்தது. என் திருத்தத்தைப் பயபக்தியோடு நினைவில் வைத்திருந்த அதே மாணவர், 'குடி அவனுக்கு இடிபாடாயிற்று' என்று எழுதிவைத்தார். இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தாளில் அவர் செய்த பிழையை இரண்டாம் தாளில் நான் அல்லவா செய்திருக்கிறேன் என்று பட்டது. இன்றைய உபந்நியாசத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். லத்தீன் மொழியில் 'ரூஎரே' என்றொரு வினை உண்டு. தலைகுப்புற விழுதல், வேகமாகப் பாய்தல், சரிதல் என்பன அதன் பொருள்கள். அதிலிருந்து பிறந்த 'ரூயினா' என்னும் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு மொழியின் வழியாகப் பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, கட்டடம் ஒன்று பிடிப்பு விட்டுச் சரிந்து விழுகிற அந்தச் செயலையே முதலில் குறித்தது. விழுந்த பிறகு கிடக்கிற கல்லையும் சுவரையும் குறிக்கத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். லத்தீனில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த மில்டன், 1667-இல் வெளிவந்த தம் பெருங்காப்பியத்தில், வானுலகிலிருந்து எறியப்பட்ட தேவதூதர்களின் வீழ்ச்சியைச் சொல்லும்போது இச்சொல்லை அந்தப் பழைய பொருளிலேயே ஆள்கிறார். இடிபாடு என்று நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்குக் காட்சி கலங்கிப் போகும். விழுவது என்ற கருத்து ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்து கொடுத்த சரக்கு என்று எண்ணிவிடவும் கூடாது. அதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் 'ஹ்ரேயோசன்' என்ற வினை விழுதலையும், அதிலிருந்து வந்த 'ஹ்ருரே' என்ற பெயர் வீழ்ச்சியோடு அழிவையும் குறித்து வழங்கின. இரு குடும்பத்துச் சொற்கள், ஒரே கற்பனை. பிறகு வந்தது இருந்ததைத் தள்ளிவிட்டு அதன் ஆசனத்தில் அமர்ந்துகொண்டது.

அந்தப் பழைய ஆங்கிலத்தில் ஒரு கவிதை இருக்கிறது. அதற்கு இன்று வழங்கும் பெயர் 'தி ரூயின்'. கவிஞர் இட்ட பெயரன்று. அவர் காலத்து ஆங்கிலத்தில் அச்சொல்லே இல்லை. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் சூட்டிய நாமகரணம். ரோமானியர் கட்டிவிட்டுப் போன நகரம் ஒன்று கூரை சரிந்து, கோபுரம் உடைந்து, பாசி படிந்து நிற்பதை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்று பாடுகிற பாட்டு அது. வெந்நீர் ஊற்றுகளைக் கொண்ட நீராடு மாடங்களைக் குறிப்பிடுவதால், இன்றைய பாத் நகரத்தையே கவிஞர் கண்டிருக்கவேண்டும் என்பது பல அறிஞர்களின் அபிப்பிராயம். இத்தகைய கட்டடங்களை மனிதர் கட்டியிருக்க முடியாது, அரக்கர்களே கட்டியிருக்கவேண்டும் என்று அவர் வியக்கிறார். நம் ஊர்களில் பெரிய கற்பாறை அடுக்குகளைக் கண்டால் பாண்டவர் கட்டியது, பூதம் ஒரே இரவில் கட்டியது என்று சொல்லும் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

இக்கவிதை நமக்குக் கிடைத்த வரலாறு கவிதையைவிட விசேஷமானது. 1072-இல் காலமான லியோப்ரிக் என்னும் பாதிரித் தலைவர் எக்ஸிட்டர் தேவாலயத்துக்கு அளித்துச்சென்ற சுவடி ஒன்றின் கடைசிப் பகுதியில் இது எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுவடி பட்ட பாட்டை அதன் ஏடுகளே சொல்லும். முன்புறத்தில் யாரோ அதை அடிப்பலகையாக வைத்துக்கொண்டு எதையோ அறுத்த கத்திக் கீறல்கள் இருக்கின்றன. ஏதோ பானக் குவளையை அதன்மீது வைத்த வட்டக் கறை இருக்கிறது. பின்புறத்திலோ, எரியும் கொள்ளி ஒன்று அதன்மேல் விழுந்து கிடந்ததால், கடைசி ஏட்டிலிருந்து உள்நோக்கிப் பதினான்கு ஏடுகள் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை ஊடுருவிய ஏடுகளில் ஒன்றில்தான் இக்கவிதை இருக்கிறது. ஆகவே நீராடு மாடத்தைக் கவிஞர் வருணித்துக்கொண்டு போகும்போது, திடீரென்று சொற்கள் அறுந்துபோகின்றன. அச்சிட்ட பதிப்புகளில் அவ்விடத்தைப் புள்ளிகளால் நிரப்புகிறார்கள். இடிந்த சுவரைப் பற்றிய பாட்டு, தானும் இடிந்த சுவராகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் அவர்கள் செல்லரித்த ஏடுகளைப் பற்றி எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு இந்த வேதனை புதியதன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த ஏடு முழுவதும் எரிந்திருந்தால் அதை ஒருவரும் 'ரூயின்' என்று சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் 'டெஸ்ட்ராய்' என்பது வேறு, 'ரூயின்' என்பது வேறு. முன்னதில் பொருளே போய்விடுகிறது. பின்னதில் பொருள் இருக்கிறது, அதன் பயன்தான் போய்விட்டது. மை கொட்டிய கோட்டை ஓர் ஆங்கிலேயர் 'ரூயின்' ஆகிவிட்டது என்று சொல்கிறார் என்றால், அந்தக் கோட்டு இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தொங்கிக்கொண்டிருப்பதுதான் அவருடைய துக்கம். மழை பெய்து விருந்து 'ரூயின்' ஆனாலும் அப்படித்தான்: பந்தல் நிற்கிறது, இலை போட்டிருக்கிறது, இலையில் தண்ணீர் நிற்கிறது. எஞ்சியிருப்பது ஒன்று இல்லாமல் இச்சொல்லுக்கு இடமில்லை. விழுதலைக் குறிக்கப் பிறந்த சொல், விழுந்தபின்னும் நிற்பதைக் குறிக்க வந்துவிட்டது. ஒருமையில் பெரும்பாலும் நிகழ்ச்சியையும் நிலையையும், பன்மையில் பெரும்பாலும் கல்லையும் சுவரையும் குறிக்கிறது. என் மாணவருக்கு நான் முதலில் சொல்லியிருக்கவேண்டியது இந்த ஒருமை பன்மை வேறுபாட்டைத்தான்.

ஆங்கிலேயர் கண்ணுக்கு இத்தனை இடிபாடுகள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டால், அதற்குக் காரணம் காலதேவன் மட்டும் அல்லன். ஓர் அரசனும் ஆவான். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரையில் தன் நாட்டு மடங்களை எல்லாம் கலைத்து, அவற்றின் நிலங்களையும் நிதிகளையும் பறித்துக்கொண்டான். கூரைமேல் வேய்ந்திருந்த ஈயத் தகடு நல்ல விலை போயிற்று. ஆகையால் அதை முதலில் உரித்தார்கள். கூரை போனபின் மழை தன் வேலையைச் செய்தது. சுற்றுப்புறத்தார் கல்லைத் தங்கள் வீட்டுக்கும் வேலிக்கும் கொண்டுபோனார்கள். வேல்ஸ் நாட்டில் வை என்னும் ஆற்றின் கரையில், 1131-இல் ஸ்தாபிக்கப்பட்டு, 1536-இல் மூடப்பட்ட டின்டர்ன் மடாலயம் இவ்வாறு கூரையிழந்து, ஐவிக் கொடி படர்ந்து, இருநூறு ஆண்டுகளுக்குமேல் கேட்பாரற்றுக் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு விந்தை நடந்தது: கேட்பார் வந்தார்கள். படகில் ஏறி, கையில் வரைபலகையுடன், அழகு காண வந்தார்கள்.

அவ்வாறு வந்தவர்களுள் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் ஒருவர். 1770-இல் யாத்திரை செய்து, 1782-இல் நூலாக வெளியிட்டார். டின்டர்னின் முகப்புச் சுவர்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக நிற்பது அவர் கண்ணை உறுத்தியது. பக்குவமாகச் சுத்தியல் ஒன்றை எடுத்து அங்கங்கே சற்று உடைத்துவிட்டால் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் காரியத்தைச் செய்யத் துணிவார் யார் என்ற கருத்துப்பட எழுதினார். இடிபாடு போதிய அளவு இடியவில்லை என்று ஒரு ரசிகர் குறைப்படுகிறார்! இந்த இடத்தை மேற்கோள் காட்டிச் சிரிக்காத ஆங்கில விமரிசகர் இல்லை. ஆனால் அதே நூலில், சில பக்கங்கள் தள்ளி, அவர் வேறொன்றையும் எழுதியிருக்கிறார். அந்த இடிந்த மடத்துக்குள் ஏழைகள் குடிசை போட்டுக்கொண்டு பிச்சையெடுத்து வாழ்ந்தார்கள். நடக்கவும் மாட்டாத ஒரு கிழவி, துறவிகளின் நூல்நிலையத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று அவரை அழைத்துச் சென்று, கடைசியில் தன்னுடைய இருப்பிடத்தையே காட்டினாள்: இரண்டு சுவர்களுக்கு நடுவே ஈரம் கசியும் மண் தரை. அவள் காட்ட விரும்பியது மடத்தின் கதையையா, தன் கதையையா என்று கில்பின் ஐயுறாமல் இல்லை. தன் கதையே என்று அவர் கண்டுகொண்டார். ஒரே கையால் சுத்தியலையும் கிழவியையும் எழுதிய அந்த மனிதரை என்னால் முற்றிலும் பரிகசிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

இடிபாட்டின்மேல் ஏற்பட்ட இந்த மோகம், இடிபாடு இல்லாதவர்களைப் புதிதாகக் கட்டிக்கொள்ளவும் தூண்டியது. ஹாக்லி என்னும் ஊரில், 1747-48-ஆம் ஆண்டுகளில், சாண்டர்சன் மில்லர் என்பவர் ஒரு பிரபுவின் தோட்டத்துக்காக, ஒருநாளும் முழுதாக இருந்திராத கோட்டை ஒன்றை உடைந்த நிலையிலேயே கட்டிக்கொடுத்தார். அதற்கு வேண்டிய ஜன்னல் சட்டங்களை அருகிலிருந்த உண்மையான மடாலய இடிபாட்டிலிருந்து எடுத்துவந்தார்கள் என்று சொல்வார்கள். பொய் இடிபாட்டை அலங்கரிக்க மெய் இடிபாட்டை இடித்த இந்தக் கைங்கரியத்துக்கு உவமை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராக 1788 முதல் நாற்பத்தைந்து ஆண்டுகள் இருந்த ஜான் ஸோன் கதை இன்னும் நுட்பமானது. அவர் தம் வாழ்நாளை எல்லாம் செலவிட்டுக் கட்டிய அந்த வங்கி மாளிகையை, ஜோசப் காண்டி என்னும் ஓவியர், 1830-இல், வானிலிருந்து பார்ப்பதுபோல, கூரைகள் திறந்து, தூண்கள் முறிந்து, ரோமாபுரியின் சிதைவுபோலக் கிடப்பதாக எழுதிக்காட்டினார். ஸோன் அதைக் கண்டு கோபப்படவில்லை, பெருமைப்பட்டார். தம் கட்டடம் இடிபாடாகும் தகுதியுள்ளது என்பதே அவருக்குப் பட்டம். நடந்தது வேறு. 1925-க்கும் 1939-க்கும் இடையில், புதுதில்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களைக் கட்டிய அதே ஹெர்பர்ட் பேக்கர், வங்கிக்கு இடம் போதவில்லை என்று வெளிச்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த ஸோனின் மண்டபங்களில் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கிப் புதிதாக எழுப்பினார். இடிபாடாகும் பாக்கியம் அந்த மாளிகைக்குக் கிட்டவில்லை. இருந்த இடம் தெரியாமல் போயிற்று. படத்திலே மட்டும் அது 'ரூயின்' ஆக நிற்கிறது.

இனி நம் மொழிக்கு வருவோம். இச்சொல்லுக்கு நேராக நம்மிடம் சொற்கள் குவிந்து கிடக்கின்றன: அழிவு, கேடு, நாசம், சிதைவு, சிதிலம், இடிபாடு, பாழ், நொடிப்பு. ஒவ்வொன்றும் தன் வாசலில் நின்றுகொண்டு மற்றதை உள்ளே விடமாட்டேன் என்கிறது. 'சிதிலம்' என்பது தளர்தல் என்னும் பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது. கட்டு விட்டுப்போன கட்டடத்துக்குப் பொருந்தும், கெட்டுப்போன மனிதனுக்குப் பொருந்தாது. 'நாசம்' காணாமற்போதல் என்னும் வேர்ப்பொருளை உடையது; ஆகவே எஞ்சி நிற்கும் சுவருக்கு ஆகாது. இவற்றிலெல்லாம் என் மனத்தை மிகுதியும் கவர்ந்தது 'பாழ்' என்னும் சின்னஞ்சிறு தமிழ்ச்சொல். ஆங்கிலச் சொல் விழுவதைப் பார்க்கிறது. பாழ் என்னும் சொல்லோ ஆள் இல்லாததைப் பார்க்கிறது. ஒரு செங்கல்கூடப் பெயராத வீடானாலும், வாசல் தெளித்துக் கோலம் போட ஆளில்லாமல், மாடத்தில் விளக்கு ஏற்றக் கையில்லாமல் பூட்டிக் கிடந்தால் நமக்கு அது பாழ் வீடு. திருவள்ளுவர் 'பாழ்படுதல்' என்னும் சொல்லை விருந்தோம்பல் அதிகாரத்திலே வைத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் விருந்தினர் வருகிற வாழ்க்கை பாழ்படுவதில்லை என்பது அங்கே கருத்து. கொத்தனார் சேர்க்கும் சுண்ணாம்பைவிட விருந்தினர் காலடியே வீட்டைத் தாங்குகிறது என்பது போன்ற ஒரு நினைவு அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது. திருமந்திரத்தில் வரும் முப்பாழ் என்னும் வழக்கும் வெறுமையையே சுட்டுகிறது. அங்கே இடிவதற்குச் சுவரே இல்லை.

எங்கள் ஊர் வீட்டின் கொல்லையில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. உறை கலங்கவில்லை, கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசல் கிடையாது, எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர்கூட மினுங்கும். ஆனால் ஏதோ ஒரு காலத்தில் வீட்டில் நேர்ந்த சாவுக்குப் பிறகு அதில் வாளி இறங்குவது நின்றுவிட்டது; உள் சுவரில் அரசங்கன்று முளைத்தது; புறா குடியேறியது; அன்றிலிருந்து அது பாழுங்கிணறு. இதை ஆங்கிலத்தில் 'ரூயின்' என்று சொன்னால் கேட்பவர் கல் சரிந்து தூர்ந்த ஒரு குழியைக் கற்பனை செய்துகொள்வார். மறுபக்கம் ஒன்றும் சொல்லவேண்டும். டின்டர்ன் மடாலயத்தின் வண்ணப் படம் அச்சிட்ட தபால் அட்டை ஒன்று நண்பர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்திருந்தது. 1901-இல் அரசு அந்த இடத்தை விலைக்கு வாங்கி, கொடியை எல்லாம் களைந்து, தரையில் புல் வளர்த்துப் பராமரித்து வருகிறது. படத்தில் அந்தப் புல் ஜமக்காளம் விரித்ததுபோலச் சீராக இருக்கும். என் அத்தைப்பாட்டி அதை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, 'இது என்னடா தம்பி, கோயிலா?' என்றாள். பழைய மடம், பாழாய்ப்போய்விட்டது என்றேன். 'புல்லை இவ்வளவு ஒழுங்கா வெட்டிவிட ஆள் இருக்கானே, அப்புறம் எப்படிடா பாழு?' என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அகராதிகளை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் தேடிய வேற்றுமையை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

மனிதனுக்கும் சுவருக்கும் ஒரே சொல்லை வழங்குவதில் ஆங்கிலத்துக்கு நிகராக நம்மிடம் உள்ளது 'குட்டிச்சுவர்'. வீடு விழுந்தபின் இடுப்பளவு உயரத்துக்கு எஞ்சி நிற்கும் மண்சுவர் அது. பையன் படிக்காமல் ஊர் சுற்றினால் அவன் குட்டிச்சுவராய்ப் போய்விட்டான் என்கிறோம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்னும் பழமொழியில், காணாமற்போன கழுதையைத் தேடவேண்டிய இடமாகவும் அது இருக்கிறது. 'ரூயின்' என்பதன் இரு பொருளையும் இவ்வளவு கச்சிதமாகத் தாங்கும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் எவரும் கையாள்வதில்லை. கழுதை வந்து நிற்கிற சுவரை மடாலயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக அவர்களுக்குக் கூச்சம்.

பணத்தின் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கப் போரில் 1777-இல் சரடோகா என்னுமிடத்தில் ஆங்கிலப் படை சரணடைந்த செய்தி வந்தபோது, ஜான் சின்க்ளேர் என்னும் இளைஞர் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்திடம், தேசமே 'ரூயின்' ஆகிவிட்டது என்று பதறினாராம். தேசம் ஒன்றில் 'ரூயின்' நிறைய இருக்கும், தம்பி என்ற பாவனையில் ஸ்மித் அமைதியாக விடையளித்தாராம். எடுக்க எடுக்கக் குறையாத பண்டம்போல அழிவை அளந்து பேசும் இந்த வேடிக்கையைத் தமிழில் கொண்டுவர நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். 'ஒரு தேசம் கெடுவதற்கு வெகுநாள் பிடிக்கும்' என்றால் கருத்து வருகிறது, சிரிப்பு வருவதில்லை. தனிமனிதர்களுக்கோ அவ்வளவு கையிருப்பு இல்லை. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்னும் ஆங்கிலேய வங்கி கதவை மூடியபோது, ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் கிராமத்து மிராசுதார்களும் ஒரு காலைப்பொழுதில் ஓட்டாண்டியானார்கள். அந்த நெருப்பின் சூட்டிலே 1907-இல் இந்தியன் வங்கி பிறந்ததும், 1909-இல் மாகாணத் தலைநகரங்களுக்கான நொடிப்புச் சட்டம் வந்ததும் யாவரும் அறிந்தவை. ஆங்கிலேய மாளிகை விழுவதற்கு ஆங்கிலச் சொல்லே பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் ஜனங்கள் 'கம்பெனி முறிந்தது' என்றார்கள், பிற்காலத்தில் 'மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டான்' என்றார்கள். கிளை முறிவதும் கடுதாசி நீட்டுவதும் நம் கண்முன் நடக்கிற காரியங்கள்.

இச்சொல்லுக்குக் கணித நூலார் கொடுத்திருக்கும் பொருள் எல்லாவற்றிலும் ஈரமற்றது. சூதாடி ஒருவன் கையிலுள்ள காசு முதன்முதலாகப் பூஜ்யத்தைத் தொடுகிற கணமே அவர்களுக்கு 'ரூயின்'. பாஸ்கல் 1656-இல் எழுப்பிய கணக்கு ஒன்றை, அடுத்த ஆண்டில் ஹ்யூகென்ஸ் தம் நூலின் இறுதியில் சேர்த்திருக்கிறார். இருவரிடமும் பன்னிரண்டு பன்னிரண்டு காய்கள், மூன்று பகடை, பதினொன்று விழுந்தால் ஒருவன் மற்றவனுக்கு ஒரு காய் தரவேண்டும், பதினான்கு விழுந்தால் மற்றவன் இவனுக்குத் தரவேண்டும், எதிரியின் காய் முழுவதையும் பிடித்தவன் ஜெயித்தவன். பதினொன்று விழ இருபத்தேழு வழிகள், பதினான்கு விழப் பதினைந்து. பார்த்தால் இரண்டுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை. பதினான்கை நம்பி ஆடுகிறவனும் அவ்வப்போது ஜெயிப்பான் என்றே தோன்றும். கணக்குப் போட்டால், பன்னிரண்டு காய்களும் தீரும்வரை ஆடுகிற ஆட்டத்தில் அவன் ஏறத்தாழ 1,158-க்கு ஒருமுறைதான் தப்புகிறான். நாடு இழந்த பாண்டவர் கதையைப் படிக்கும்போதெல்லாம், சகுனியின் வஞ்சகம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காதே என்று எனக்குத் தோன்றுவதுண்டு; ஒருபக்கம் சற்றே சாய்ந்த பகடையும் எழுந்துபோக மனமில்லாத தருமரும் போதும்.

பெண்ணைக் குறித்து இச்சொல் வழங்கிய வகையை விரிக்க விரும்பவில்லை. மணத்துக்குப் புறம்பாக ஒருவனை நம்பியவளை 'ரூயின்' ஆனவள் என்றார்கள். ஏமாற்றியவனுக்கு அந்த அடைமொழி கிடையாது. நாமும் 'கெட்டுப்போனவள்' என்று சொல்லி, அதே அநியாயத்தை அதே கோணலோடு செய்திருக்கிறோம். தாமஸ் ஹார்டி 1866-இல் எழுதி 1901-இல் நூலில் சேர்த்த கவிதை ஒன்றில், பட்டணத்தில் பட்டும் சிறகுமாக உலவும் பழைய தோழியைச் சந்தித்த பட்டிக்காட்டுப் பெண் அவளது பவிஷைக் கண்டு வியந்து வியந்து கேட்க, அவள் ஒவ்வொரு கேள்விக்கும் இந்த ஒரு சொல்லையே விடையாகச் சொல்கிறாள். கெட்டும் பட்டணம் சேர் என்ற நம் பழமொழியை ஹார்டி கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஜின் என்னும் சாராயத்துக்கு 'நீல ரூயின்' என்றும் 'தாயின் ரூயின்' என்றும் லண்டன் வாசிகள் பெயர் வைத்தார்கள். 1751-இல் ஹோகார்த் வரைந்த ஜின் சந்துச் சித்திரத்தில், குடிபோதையில் இருக்கும் தாயின் மடியிலிருந்து குழந்தை தலைகீழாக விழ, பின்னணியில் வீடு ஒன்றும் சரிந்து விழுகிறது. லத்தீன் வேர்ப்பொருளை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் அகராதி வேறில்லை.

இவ்வளவும் தூரத்தில் நின்று பார்ப்பவரின் சொற்கள். ரோஸ் மெக்காலே என்னும் எழுத்தாளரின் வீடு 1941 மே மாதத்தில் லண்டனில் விழுந்த குண்டில் நூல்நிலையத்தோடு எரிந்துபோயிற்று. 1953-இல் அவர் இடிபாடுகள் தரும் இன்பத்தைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். ஆனால் அதன் முடிவில், புதிய இடிபாடுகளைப் பற்றித் தனியே ஒரு குறிப்புச் சேர்த்தார். நேற்றுவரை யாரோ படுத்திருந்த அறை, மாடிப்படி ஆகாயத்தில் நின்றுபோன வீடு, இவையெல்லாம் இன்பத்தில் சேரமாட்டா என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொவென்ட்ரி நகரத் தேவாலயம் 1940 நவம்பர் 14 இரவில் குண்டுவீச்சில் எரிந்து கூரையிழந்தது. அதைத் திரும்பக் கட்டாமல், வெறும் சுவர்களை அப்படியே நிற்கவிட்டு, பக்கத்தில் புதிய தேவாலயம் எழுப்பி 1962-இல் பிரதிஷ்டை செய்தார்கள். அந்தப் பழைய சுவர்களை இப்போது ஒரு கல்லும் மேற்கொண்டு விழாதபடி காத்துவருகிறார்கள். விழுதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயரை உடையது, விழாதபடி சம்பளத்துக்கு ஆள் வைத்துக் காக்கப்படுகிறது.

கணிதப் பேராசிரியரான என் நண்பர் ஒருவர் தமிழில் பாடநூல் எழுதியபோது, மேற்சொன்ன சூதாடி கணக்குக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டார். இடிபாடு என்று சொல்லி மறுபடியும் அவமானப்பட எனக்கு விருப்பமில்லை. அழிவு என்றால் சூதாடி செத்துப்போனதுபோல ஒலிக்கிறது. பாழ் என்றால் சூதாட்ட மண்டபம் காலியாகிவிட்டதுபோல இருக்கிறது. ஓட்டாண்டி என்றால் வகுப்பு சிரிக்கும். யோசித்து, 'சூதாடி நொடிப்பு' என்று எழுதச் சொன்னேன், அப்படியே அச்சாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, நூல்நிலையத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். 'நொடிப்பு' என்ற சொல்லின் அடியில் கோடிட்டு, ஓரத்தில் எவரோ ஒரு மாணவர் மெல்லிய பென்சிலால் 'போண்டி' என்று எழுதி வைத்திருந்தார். நூல்நிலையப் புத்தகம் ஆயிற்றே, அழித்துவிடட்டுமா என்றார் நண்பர். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.